டெக்சஸா, புளோரிடாவா, நியூ ஜெர்சியா: பள்ளிப் பாதுகாப்புக்கு எந்த மாநிலம் எப்படிப் பணம் ஒதுக்குகிறது

நிறுவனம் அமெரிக்காவுக்கு மாற்றல் தருகிறது. டெக்சஸின் டல்லஸ், புளோரிடாவின் டாம்பா, நியூ ஜெர்சியின் எடிசன், மூன்றில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறது. சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்தும் செங்காங்கிலிருந்தும் இப்படிக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் வாடகை, வரி, குளிர், கோயில், தமிழ்ப் பள்ளி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்பிட்டுவிடுகின்றன. பள்ளிப் பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் "அங்கே எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்குமே" என்ற கவலையோடு பேச்சு நின்றுவிடுகிறது. கவலை நியாயம்தான். ஆனால் இந்த மூன்று மாநிலங்களும் சட்டம் போட்ட விதமும் பணம் ஒதுக்கிய விதமும் வேறு வேறு. அந்த வேறுபாடு உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்பறையின் கதவுப் பூட்டு வரைக்கும் போகிறது. முடிவெடுக்கும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. கீழே டாலர் என்று வருவதெல்லாம் அமெரிக்க டாலர்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வியை நாம் கேட்டுப் பழகவில்லை. இங்கே பள்ளிகளுக்கு ஒரே அமைச்சு. அதன் செலவுத் திட்டத்தை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் விவாதித்து ஒப்புதல் தருகிறது. ஏப்ரல் 1 முதல் பணம் செலவாகிறது. வாசலில் பாதுகாவல் அதிகாரி, வருகையாளர் பதிவு, சுற்றுவேலி, பள்ளி ஆலோசகர் எல்லாம் அந்த ஒரே பையிலிருந்து வருகின்றன. ஈசூன் பள்ளிக்கு ஒரு கணக்கு, புக்கிட் தீமா பள்ளிக்கு வேறு கணக்கு என்று வட்டாரத்தின் சொத்து வரியை வைத்துப் பிரிப்பதில்லை. 2021 ஜூலை 19 அன்று ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் 13 வயது மாணவர் கொல்லப்பட்ட பிறகும் நடவடிக்கை நாடு முழுமைக்கும் ஒன்றாகவே வந்தது: அடுத்த சில ஆண்டுகளில் ஆலோசகர் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை 1,000க்கும் மேல் உயர்த்துவது அதில் ஒன்று.

அமெரிக்காவில் பள்ளி மாநிலத்தின் பொறுப்பு. நடத்துவது 'மாவட்டம்', அதாவது ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பு. பெரும்பணம் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில வருவாயிலிருந்தும் வருகிறது. கூட்டரசின் பங்கு சிறியது. ஆகவே "பாதுகாப்புக்கு மாநிலம் இத்தனை மில்லியன் ஒதுக்கியது" என்ற செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அந்தப் பணம் ஆண்டுதோறும் வருமா, ஒரே தடவைதானா? தலைக்கணக்கில் எல்லாப் பள்ளிக்கும் போகிறதா, விண்ணப்பம் போட்டு வென்ற மாவட்டத்துக்கு மட்டுமா? அதை வைத்து ஆளுக்குச் சம்பளம் தரலாமா, பொருள் மட்டும் வாங்கலாமா? டெக்சஸ், புளோரிடா, நியூ ஜெர்சி மூன்றும் இந்த மூன்று கேள்விகளுக்கும் வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன.

டெக்சஸிலிருந்து தொடங்கலாம், மூன்றில் கணக்கு வெளிப்படையாகத் தெரிவது அங்கேதான். 2018 மே மாதம் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு எஸ்.பி. 11 என்ற சட்டம் (எஸ்.பி. என்றால் மாநில மேலவை மசோதா, எச்.பி. என்றால் கீழவை மசோதா) பள்ளிப் பாதுகாப்புக்கென்று தனி ஒதுக்கீட்டை உருவாக்கியது: சராசரி தினசரி வருகைக் கணக்கில் மாணவருக்கு 9.72 டாலர். 2022 மே 24 அன்று யுவால்டி நகரத்து ராப் தொடக்கப்பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். 2023இல் வந்த எச்.பி. 3 சட்டம் அந்தத் தொகையை மாணவருக்கு 10 டாலர் ஆக்கி, ஒவ்வொரு பள்ளி வளாகத்துக்கும் 15,000 டாலர் சேர்த்தது. கூடவே, ஒவ்வொரு வளாகத்திலும் பள்ளி நேரத்தில் ஆயுதம் தாங்கிய அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. 2025இல் எச்.பி. 2 அதை மாணவருக்கு 20 டாலர், வளாகத்துக்கு 33,540 டாலர் என்று உயர்த்தியது.

இதை ஒரு பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். 600 பிள்ளைகள் சேர்ந்திருக்கும் தொடக்கப்பள்ளி, அன்றாட வருகை 93 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வருவது 558 பேர். 2019 சட்டப்படி 5,424 டாலர் வந்திருக்கும். 2023க்குப் பிறகு 20,580. 2025 சட்டப்படி 44,700. ஆறு ஆண்டில் எட்டு மடங்கு. இருந்தும், முழுநேர ஆயுத அதிகாரி ஒருவரின் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியம், வாகனம், வானொலிக் கருவி எல்லாவற்றையும் கூட்டினால் 44,700 டாலரில் அடங்காது. பற்றாக்குறையை மாவட்டம் தன் பொதுநிதியிலிருந்து போட வேண்டும். சொத்து மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும் புறநகர் மாவட்டம் போட்டுவிடும். சுருங்கிவரும் மாவட்டம் கை பிசையும்.

அதற்குத்தான் சட்டத்திலேயே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பணம் போதவில்லை அல்லது தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்றால் மாவட்ட வாரியம் "தகுந்த காரணம்" என்று விலக்குத் தீர்மானம் போடலாம். பதிலுக்கு ஒரு மாற்று ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்று ஆயுதம் வைத்திருக்கும் பள்ளி ஊழியரும் அந்த மாற்று ஏற்பாட்டில் அடங்குவார். எனவே "டெக்சஸில் எல்லாப் பள்ளியிலும் போலீஸ் இருக்கிறார்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் பார்க்கும் மாவட்டம் விலக்குத் தீர்மானம் போட்டிருக்கிறதா, போட்டிருந்தால் தொடக்கப்பள்ளிகளுக்கு மட்டுமா என்று கேளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் ஏற்கெனவே காவல் அதிகாரி இருந்திருப்பார். ஆள் தேவை பெருகியது தொடக்கப்பள்ளிகளில்தான்.

கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 3,000 பேர் படிக்கும் பெரிய உயர்நிலைப் பள்ளிக்கு, அதே 93 விழுக்காடு வருகையில், 89,340 டாலர் வரும். சேர்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு 30 டாலர்கூட ஆகாது. 600 பேர் பள்ளியில் அதுவே ஒரு பிள்ளைக்கு 74.50. வளாகத்துக்கு என்று வரும் நிலையான தொகை சின்னப் பள்ளிகளுக்குச் சாதகமானது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பணம் மாவட்டத்தின் கைக்குத்தான் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்கும் பணம் டெக்சஸில் தனி வழியில் வந்தது. 2023இல் எஸ்.பி. 30 என்ற துணைச் செலவுச் சட்டத்தின் வழியாக 1.1 பில்லியன் டாலர் மானியம். மாநிலம் நிர்ணயித்த தரத்துக்குக் கட்டடத்தைக் கொண்டுவருவதற்கு அது: தரைத்தளக் கண்ணாடிகளுக்கு உடைந்து சிதறாத படலம், வேலி, ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓசையில்லா அவசர அழைப்பு, வாரம் ஒரு முறை வெளிக்கதவு ஒவ்வொன்றையும் சோதித்துப் பதிவு செய்வது.

இந்த வாரச் சோதனை அற்பமாகத் தெரியலாம். ராப் பள்ளியைப் பற்றி டெக்சஸ் சட்டமன்றக் குழு 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்கு அப்படித் தெரியாது. மேற்கு வெளிக்கதவை ஓர் ஆசிரியர் இழுத்துச் சாத்தினார், அது பூட்டிக்கொள்ளவில்லை. 111ஆம் எண் வகுப்பறைக் கதவின் பூட்டு ஒழுங்காக விழாது என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரியும். பழுதுபார்க்கச் சொல்லி எழுத்தில் ஒரு கோரிக்கைகூடப் போகவில்லை. அந்த வகைப் பூட்டில், கதவைப் பூட்ட வேண்டுமென்றால் ஆசிரியர் தாழ்வாரத்துக்கு வந்து வெளிப்பக்கம் சாவி போட வேண்டும். சாவித் தட்டுப்பாடு வேறு. மாற்று ஆசிரியர்கள் உள்ளே போய் வரக் கதவுச் சட்டத்தில் காந்தம் ஒட்டிவைப்பதும், வெளிக்கதவுக்குக் கல் முட்டுக் கொடுப்பதும் அன்றாட வழக்கம். கேமராவும் வேலியும் வாங்கப் பணம் இருந்தது. ஒரு பூட்டைச் சரிசெய்ய ஒரு தாள் எழுதப்படவில்லை. நூற்றுக்கணக்கான காவலர்கள் வந்து சேர்ந்தும் 77 நிமிடம் காத்திருந்த கொடுமை அதற்கு அப்புறம்.

அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். வகுப்பறைக் கதவின் உட்பக்கக் கைப்பிடியைப் பாருங்கள். உள்ளிருந்தபடி திருகியோ அழுத்தியோ பூட்ட முடிகிறதா? உள்ளிருந்து திறக்கும்போது சாவி இல்லாமல், ஒரே அசைவில் திறக்கிறதா? இரண்டாவது கேள்வி தீ விபத்துக்காக. கதவுக்குக் குறுக்கே இரும்புத் தண்டு மாட்டும் கருவிகளைப் பல நிறுவனங்கள் மலிவாக விற்கின்றன. தீயணைப்பு விதி கேட்கும் ஒரே அசைவு அதில் போய்விடும். ஏழு வயதுப் பிள்ளையால் அதைக் கழற்றவும் முடியாது. நல்ல பூட்டு இருக்கும் இடத்தில் அந்தத் தண்டு தேவைப்படாது.

புளோரிடா வேறு வழியில் போனது. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்டின் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் இறந்தார்கள். மூன்றே வாரத்தில், மார்ச் 9 அன்று, அந்தப் பள்ளியின் பெயரையே தாங்கிய சட்டம் கையெழுத்தானது. ஏறத்தாழ 400 மில்லியன் டாலர். அதில் 69 மில்லியன் மனநல உதவிக்கென்றே தனித் தலைப்பு. பள்ளிக்குள் ஆயுதம் தாங்கும் 'கார்டியன்' திட்டத்துக்கு 67 மில்லியன். கட்டடங்களை வலுப்படுத்த ஏறத்தாழ 99 மில்லியன். துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியதும், ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணை பெற்றுத் துப்பாக்கியைப் பறித்துவைக்கும் வழியும் இதே சட்டத்தில் வந்தவை. டெக்சஸில் அப்படிப்பட்ட ஆணைக்கு இன்றும் சட்டம் இல்லை.

புளோரிடாவின் பலம் தொகையைவிட அது வரும் ஒழுங்கில் இருக்கிறது. பாதுகாப்புக்கு ஒரு தலைப்பு, மனநலத்துக்கு ஒரு தலைப்பு. இரண்டும் பள்ளி நிதிச் சூத்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் ஆண்டுதோறும் வருகின்றன. 2024-25இல் பாதுகாப்புக்கு 290 மில்லியன், மனநலத்துக்கு 180 மில்லியன். பாதுகாப்புப் பணத்தைப் பிரிக்கும் முறையும் யோசித்துச் செய்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குறைந்தபட்சம் ஒரு தொகை (2018-19இல் 250,000 டாலர்). மீதியில் மூன்றில் இரண்டு பங்கு மாணவர் எண்ணிக்கைப்படி, ஒரு பங்கு அந்தப் பகுதியின் குற்றக் குறியீட்டின்படி. சின்ன மாவட்டம் வெறுங்கையோடு நிற்காது; குற்றம் மிகுந்த இடத்துக்குக் கூடுதல் போகும். டெக்சஸ் சூத்திரத்தில் குற்றக் கணக்கு இல்லை.

அங்கே ஒவ்வொரு பொதுப்பள்ளியிலும் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கட்டாயம். யார் அவர் என்பதில்தான் வித்தியாசம். ஷெரிஃப் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவரின் துணை அதிகாரியாக இருக்கலாம், மாவட்டத்தின் சொந்தப் பள்ளிப் போலீஸாக இருக்கலாம், 144 மணி நேரப் பயிற்சி பெற்ற கார்டியனாக இருக்கலாம். கார்டியன் மாவட்டத்துக்கு மலிவு. 2019 முதல், வாரியம் ஒப்புக்கொண்டால், பாடம் நடத்தும் ஆசிரியரும் கார்டியன் ஆகலாம். வகுப்பறையில் ஆசிரியரிடம் துப்பாக்கி இருப்பது எனக்கு ஏற்புடையதல்ல. முப்பது பிள்ளைகளைக் கவனிக்கும் கையும் ஆயுதத்தைப் பாதுகாக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. டாம்பா பக்கம் போகிறவர்கள் அந்த மாவட்டம் எந்த வகை அதிகாரியை வைத்திருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புளோரிடாவில் குடும்பத்துக்கு ஒரு வசதி: மாவட்டம் என்றால் கவுண்டி எனப்படும் உள்ளாட்சிப் பிரிவுதான், மொத்தம் 67. எந்தக் கவுண்டி என்று தெரிந்தால் போதும். டெக்சஸில் மாவட்டங்கள் 1,000க்கும் மேல், நியூ ஜெர்சியில் 600க்குச் சற்றுக் குறைவு. அங்கெல்லாம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேறு மாவட்டமாக இருக்கும். வீடு பார்க்கும் இணையப் பக்கத்தில் காட்டும் பள்ளிப் பெயரை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல், முகவரியைக் கொடுத்து மாவட்ட அலுவலகத்திடமே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புளோரிடா போகும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. கொலை மிரட்டலையோ துப்பாக்கிச் சூட்டு மிரட்டலையோ எழுதி அனுப்புவது அங்கே இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். வாட்ஸ்அப்பில் விளையாட்டுக்குப் போட்டாலும் கைது வரைக்கும் போகும். இங்கே வகுப்புக் குழுவில் "உன்னைச் சுட்டுடுவேன்" என்று ஈமோஜி போட்டுப் பழகிய பிள்ளையிடம் விமானம் ஏறும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். கைதுக்குப் பிறகு குடும்பத்தின் விசா நிலையும் சேர்ந்து சிக்கலாகும்.

நியூ ஜெர்சிக்கு வருவோம். பார்க்லாண்டில் இறந்தவர்களில் அலிசா அல்ஹாடெஃப் முன்பு நியூ ஜெர்சியில் வாழ்ந்த பிள்ளை. அவர் பெயரில் அலிசா சட்டம் 2019 பிப்ரவரி 6 அன்று முதலில் அங்கேதான் கையெழுத்தானது: ஒவ்வொரு பொதுப்பள்ளிக் கட்டடத்திலும் காவல்துறைக்கு நேரே போகும் ஓசையில்லா அவசர அழைப்பு. புளோரிடா 2020இலும் டெக்சஸ் 2023இலும் அதே யோசனையை எடுத்துக்கொண்டன. ஆனால் நியூ ஜெர்சிச் சட்டம் கேட்பது கட்டடத்துக்கு ஒன்று. டெக்சஸ் கேட்பது வகுப்பறைக்கு ஒன்று. நியூ ஜெர்சியில் அந்தப் பொத்தான் அலுவலகத்தில் ஒரு மேசையின் அடியில் மட்டும் இருந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். பல மாவட்டங்கள் இப்போது ஆசிரியரின் கழுத்துப் பட்டையில் மாட்டும் அட்டை வாங்கியிருக்கின்றன. சிலவற்றில் மூன்று தடவை அழுத்தினால் பள்ளிக்குள் உதவி வரும், விடாமல் எட்டுத் தடவை அழுத்தினால் கட்டடம் முழுக்க எச்சரிக்கை போகும். சண்டை, வலிப்பு, ஒவ்வாமை போன்ற அன்றாட அவசரங்களுக்குத்தான் மூன்று அழுத்தல் மிகுதியாகப் பயன்படும். அதற்காகவே அது உங்கள் பள்ளியில் இருப்பது நல்லது.

நியூ ஜெர்சியில் பணம் வந்த வழி கடன்பத்திரம். 2018 நவம்பரில் வாக்காளர்கள் 500 மில்லியன் டாலர் கடன் வாங்க ஒப்புதல் தந்தார்கள். தொழிற்கல்வி, பள்ளிக் குடிநீர்க் குழாய்களோடு பள்ளிப் பாதுகாப்பும் அதில் ஒரு பகுதி. பாதுகாப்புக்குப் பிரிந்தது 75 மில்லியன். அதிலும் முதலில் அலிசா சட்டக் கடமையை முடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. கடன்பத்திரப் பணம் நெடுநாள் நிற்கும் பொருளுக்குத்தான். வாசலில் இரட்டைக் கதவு கட்டலாம். அந்த வாசலில் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. கருவியின் மாதக் கட்டணம், மின்கல மாற்று, ஐந்தாம் ஆண்டில் பழுதாகும் கேமரா எல்லாம் உள்ளூர் வரவுசெலவில் வந்து விழும். பள்ளி நிதிச் சூத்திரத்தில் பாதுகாப்பு உதவி என்று தனித் தலைப்பும் உண்டு என்றாலும், பாரம் பெரும்பாலும் உள்ளூர் வரியில்தான். ஆளுக்கு அவர்கள் கண்ட வழி நல்ல வழி: 65 வயதுக்குட்பட்ட ஓய்வுபெற்ற காவலர்களைப் பள்ளிக்கென்றே நியமிக்கும் மூன்றாம் வகுப்புச் சிறப்பு அதிகாரி பதவி. அனுபவம் உண்டு, செலவும் முழுநேரக் காவலரைவிடக் குறைவு.

பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் நியூ ஜெர்சி மூன்றாவதாகத் தெரியும். ஆனால் அங்கே துப்பாக்கி வாங்கவே காவல்துறையின் அனுமதி வேண்டும். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதலும் புளோரிடாவில் 2023 ஜூலை முதலும் அனுமதிச் சீட்டில்லாமலே கைத்துப்பாக்கியைக் கொண்டுநடக்கலாம். அமெரிக்காவில் 2020 முதல் 1 வயதிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி. பிள்ளைகள் கொலையுண்ட நிகழ்வுகளில் பள்ளிக்குள் நடந்தவை 3 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி நடப்பது வீட்டிலும் தெருவிலும் நண்பர் வீட்டிலும். பள்ளி வாசலுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அந்த மீதியை அது தொடாது. என்னைக் கேட்டால், சம்பளமும் வேலையும் ஏறத்தாழச் சமம் என்றால், நியூ ஜெர்சியை முதலில் வைப்பேன்.

அடுத்தது புளோரிடா. மனநலத்துக்குத் தனிப் பணம் இருப்பது புதிய நாட்டில், புதிய பள்ளியில் தடுமாறும் பிள்ளைக்கு நேரடியாகப் பயன்படும். நியூ ஜெர்சியும் 2023இல் மாநிலம் முழுவதற்கும் மாணவர் ஆதரவு மையங்களைத் தொடங்கியது. டெக்சஸில் பாதுகாப்பு ஒதுக்கீட்டுக்குள்ளேயே ஆலோசனைச் செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகாரியின் சம்பளமே அதை விழுங்கிவிட்டால் ஆலோசகருக்கு மிஞ்சாது. அதனால் டெக்சஸ் என்றால் மாநிலத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாவட்டத்தைப் பாருங்கள். வசதியான, வளரும் மாவட்டம் கிடைத்தால் கதவுச் சோதனை, வகுப்பறை அழைப்பு, மாநிலத் தணிக்கை என்று மற்ற இரண்டைவிடக் கடுமையான தரம் அங்கே கிடைக்கும். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

வேறு மாநிலம் போகிறவர்கள் மிச்சிகனைக் கவனியுங்கள். 2021இல் ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளியில் 4 மாணவர்கள் கொல்லப்பட்ட பின் அங்கே பாதுகாப்புக்கும் மனநலத்துக்கும் சேர்த்துத் தலைக்கணக்கில் பணம் கொடுத்தார்கள். மாவட்டங்கள் அதை நம்பி ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தன. 2024-25 வரவுசெலவில் அது 328 மில்லியனிலிருந்து 26.5 மில்லியனாக வெட்டப்பட்டது. பிறகு ஒரு பகுதியைத் திருப்பிச் சேர்த்தார்கள் என்றாலும், வேலைக்கு எடுத்த ஆளை ஆண்டு நடுவில் என்ன செய்வது? கூட்டரசுப் பணமும் அப்படியே. 2022 சட்டம் பள்ளி மனநல ஊழியர்களுக்கு 1 பில்லியன் டாலர் தந்தது; 2025 ஏப்ரலில் கூட்டரசுக் கல்வித் துறை அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. ஒரு பள்ளி "எங்களிடம் மூன்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள்" என்றால், அவர்கள் சம்பளம் மானியத்திலா மாவட்டப் பொதுநிதியிலா என்று கேட்பது முறையற்ற கேள்வி ஆகாது. பொதுநிதி என்றால் அடுத்த ஆண்டும் இருப்பார்கள்.

மாவட்டத்துக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். எங்கள் முகவரிக்குரிய பள்ளியில் பாதுகாப்பு அதிகாரி எந்த வகை, முழு நாளும் இருப்பாரா, இரண்டு பள்ளிக்கு ஒருவரா? வகுப்பறைக் கதவு உள்ளிருந்து பூட்டுமா? அவசர அழைப்பு வகுப்பறையில் இருக்கிறதா, அலுவலகத்தில் மட்டுமா? ஆலோசகர் எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? ஆண்டு நடுவில் சேரும் பிள்ளைக்கு அவசரகாலப் பயிற்சியை யார் சொல்லித்தருவார்கள்? வாரியக் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் இருக்கும், அவற்றிலும் தேடுங்கள். பாதுகாப்புத் திட்டத்தையும் தணிக்கை முடிவையும் கேட்காதீர்கள். அவை இரகசியம், தரவும் மாட்டார்கள், தரக்கூடாது. தனியார் பள்ளியோ மாண்டிசோரியோ என்றால் மேலே சொன்ன ஒதுக்கீடுகளையும் கட்டாயங்களையும் நம்பிப் போகாதீர்கள். அவை பொதுப்பள்ளிகளை வைத்து எழுதப்பட்டவை. அங்கே எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு: வார இறுதித் தமிழ்ப் பள்ளி. பெரும்பாலும் தொண்டூழியர்கள் நடத்துவது, பொதுப்பள்ளிக் கட்டடத்தையோ தேவாலயக் கூடத்தையோ வாடகைக்கு எடுத்து. டெக்சஸ் சட்டத்தின் ஆயுத அதிகாரி வழக்கமான பள்ளி நேரத்துக்குத்தான். சனிக்கிழமை காலையில் அவர் இருக்கமாட்டார், அவசர அழைப்பு அட்டை தமிழாசிரியர் கையில் இருக்காது, வெளிக்கதவைக் கல் முட்டுக் கொடுத்துத் திறந்துவைப்பது நாமாகவே இருப்போம். இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு பெற்ற பள்ளி, கூட்டரசின் இலாப நோக்கற்றோர் பாதுகாப்பு மானியத்துக்கு மாநிலத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். நியூ ஜெர்சி அதற்கு மேலும் தன் சொந்தத் திட்டம் வைத்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு முன் இடத்தின் பலவீனங்களை எழுதிய மதிப்பீடு ஒன்று வேண்டும், வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். பணம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது: வாசலுக்கு ஒரு பெற்றோர் முறை வைத்து நிற்பது, மற்றக் கதவுகள் வெளியிலிருந்து திறக்காதபடி சாத்தியிருப்பது, வகுப்பறை எண்களை எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது.

பிள்ளையைத் தயார்ப்படுத்தும் விஷயம் கடைசி. சிங்கப்பூர்ப் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டெக்சஸிலும் புளோரிடாவிலும் ஆகஸ்டு, நியூ ஜெர்சியில் செப்டம்பர். இங்கே ஆண்டை முடித்துவிட்டு ஜனவரியில் போய்ச் சேரும் பிள்ளை முதல் பயிற்சிகளைத் தவறவிட்டிருக்கும். புளோரிடாவில் முதல் பயிற்சி பள்ளி தொடங்கிய 10 நாளுக்குள், அதன்பின் 45 பள்ளி நாளுக்குள் அடுத்தது. டெக்சஸில் லாக்டவுன் பயிற்சி பருவத்துக்கு ஒன்று. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு மாதமும் தீப்பயிற்சி ஒன்று, பாதுகாப்புப் பயிற்சி ஒன்று. சுடும் ஓசை, போலி இரத்தம் போன்றவற்றைப் பிள்ளைகள் முன் காட்டக்கூடாது என்று அங்கே சட்டமே சொல்கிறது. வயதில் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு விதி பெரிய ஆறுதல்.

டெக்சஸிலும் வேறு பல மாநிலங்களிலும் ஐந்து சொற்களைத்தான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஹோல்ட் என்றால் வகுப்பிலேயே இரு, தாழ்வாரம் காலியாக வேண்டும். யாருக்கோ உடம்பு முடியாமல் போயிருக்கலாம். செக்யூர் என்றால் ஆபத்து வெளியே. வெளிக்கதவுகள் பூட்டப்படும், பாடம் நடக்கும். லாக்டவுன் என்றால் ஆபத்து உள்ளே. கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, கண்ணில் படாத மூலையில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இவாக்குவேட் என்றால் சொன்ன இடத்துக்கு வெளியேற வேண்டும். ஷெல்டர் என்றால் சூறாவளி போன்றவற்றுக்கு ஒதுங்க வேண்டும். செக்யூருக்கும் லாக்டவுனுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, சாதாரண செக்யூர் அறிவிப்பைக் கேட்டே நடுங்கி, வீட்டுக்கு அழைத்து, பெற்றோரும் பள்ளிக்கு ஓடி, காவல் வாகனம் வர வேண்டிய பாதையை அடைத்துவிடுவார்கள். இந்த ஐந்தையும் வீட்டில் தமிழில் விளக்கி, சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

முதல் விளையாட்டு அழைப்பு வரும்போது, ஒவ்வாமை, நாய், நீச்சல் குளம் பற்றிக் கேட்கும் அதே மூச்சில், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, குண்டு தனியாக, பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்றும் கேளுங்கள். அங்கே பல பெற்றோர் இதைக் கேட்டுப் பழகியவர்கள். பதில் தயங்கி வந்தால் விளையாட்டு உங்கள் வீட்டில் நடக்கட்டும்.